இரு பெயர்களும் ஒரே தாளில்: மடம் புகுந்த மூதாதையைப் பதிவேடுகளில் தேடுதல்

கத்தோலிக்கக் கன்னியர் மடத்தில் புகுந்து துறவியாக வாழ்ந்து மறைந்த ஒரு மூதாதைப் பெண்ணின் வாழ்க்கையை வாழ்வியல் பதிவேடுகளின் வழியாக மீட்டெடுப்பது எவ்வாறு என்பதே இன்றைய சொற்பொழிவின் பொருள். வாழ்வியல் பதிவேடு என்பது ஒருவருடைய பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அவை நிகழ்ந்த காலத்திலேயே அரசு அலுவலகமோ பங்குக் கோவிலோ எழுதிவைத்த ஏடு. பங்குக் கோவில் எழுதும்போது பிறப்பின் இடத்தில் ஞானஸ்நானமும், இறப்பின் இடத்தில் அடக்கமும் நிற்கும்.

குடும்ப மரம் வரைபவர்கள் எதைப் பற்றிக்கொண்டு மேலே ஏறுகிறார்கள்? திருமணத்தையும் பிள்ளைப்பேற்றையும் பற்றிக்கொண்டு ஏறுகிறார்கள். இவ்விரண்டும் இல்லாத பெண் அந்த மரத்தில் என்ன ஆகிறாள்? பெயருக்குக் கீழே ஒரு கோடு, “மடத்தில் சேர்ந்தார்” என்ற இரண்டு சொற்கள், அதற்குப் பின் ஒன்றும் இல்லை. பாட்டியின் தங்கையாகவோ பாட்டனாரின் அத்தையாகவோ ஒரு குடும்பத்தில் ஐம்பது, அறுபது ஆண்டுகள் வாழ்ந்து, மறைக்கல்வி கற்பித்து, நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, மடத்தின் கல்லறையில் அடக்கமான ஒருவர், வழித்தோன்றல் இல்லை என்ற ஒரே காரணத்தால் குடும்ப நினைவிலிருந்து வெளியேறிவிடுகிறார். இது அநீதி என்று சொல்வதில் தயக்கம் வேண்டியதில்லை.

ஆயினும் அவர் பதிவேடுகளிலிருந்து மறைந்துவிட்டாரா? இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இல்லத்தரசி ஒருவரைக் காட்டிலும் அதே வீட்டில் பிறந்த கன்னியாஸ்திரி கூடுதலான தாள்களை விட்டுச் சென்றிருக்கிறார் என்பதே உண்மை. மடத்தில் சேர்ந்த நாள், துறவற உடை பெற்ற நாள், ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் ஆகியவற்றுக்குத் தம்மை ஒப்படைக்கும் வார்த்தைப்பாடு கொடுத்த நாள், இறந்த நாள் என்று ஒவ்வொன்றும் எழுதப்பட்டிருக்கிறது. இடர்ப்பாடு வேறிடத்தில் இருக்கிறது. அவருடைய வாழ்வின் முற்பகுதி ஞானஸ்நானப் பெயரிலும், பிற்பகுதி துறவறப் பெயரிலும் எழுதப்பட்டிருப்பதால், ஒரு பெயரை மட்டும் அறிந்தவர் பாதி வாழ்க்கையோடு நின்றுவிடுகிறார். ஆகவே தேடுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இரு பெயர்களும் ஒரே தாளில் எங்கே நிற்கின்றன?

இக்கேள்வியை ஓர் உண்மையான குடும்பத்தில் வைத்துப் பார்ப்பது நலம். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் சிறுமலர் என்று அன்போடு அழைக்கும் குழந்தை இயேசுவின் தெரேசாவின் குடும்பம் அதற்கு மிகவும் ஏற்றது. ஏனெனில் அவ்வீட்டில் பிழைத்து வளர்ந்த ஐந்து பெண்களும் கன்னியர் ஆனார்கள், தாயின் தமக்கையும் கன்னியாஸ்திரி, ஆகவே அப்பெண்கள் வழியே ஒரு வழித்தோன்றலும் இல்லை. தந்தை லூயி மார்த்தின் கடிகாரம் செய்பவர். தாய் செலி கெரின், பிரான்சின் நார்மண்டிப் பகுதியிலுள்ள அலான்சோன் நகரின் புகழ்பெற்ற சரிகைப் பின்னலைத் தொழிலாகக் கொண்டவர். 1858 ஜூலையில் அலான்சோனில் மணம் புரிந்த இவர்களுக்கு ஒன்பது குழந்தைகள் பிறந்து, நால்வர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். கடைசிக் குழந்தையான தெரேசா 1873 ஜனவரி 2 அன்று பிறந்தார்; நகராட்சியின் பிறப்பு ஏடு ஒரு சான்று, இரண்டு நாள் கழித்து நோத்ர்தாம் கோவிலில் மரி பிரான்சுவாஸ் தெரேஸ் என்ற பெயரில் எழுதப்பட்ட ஞானஸ்நானப் பதிவு மற்றொரு சான்று. ஞானஸ்நானப் பதிவில் ஞானத்தாயின் பெயரும் உண்டு. இங்கே ஞானத்தாய் குழந்தையின் மூத்த அக்காள் மரி என்பதால், அந்த ஒரே பதிவு ஒரே வீட்டின் இரண்டு எதிர்காலக் கன்னியரைச் சேர்த்துக் காட்டுகிறது.

தெரேசா 1888 ஏப்ரல் 9 அன்று, பதினைந்து வயதில், லிசியூ நகரின் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். 1889 ஜனவரி 10 அன்று துறவற உடை பெற்றார். 1890 செப்டம்பர் 8 அன்று வார்த்தைப்பாடு கொடுத்தார். 1897 செப்டம்பர் 30 அன்று இறந்தார். இவர் யாரும் அறியாத ஒரு துறவியாகவே இருந்திருப்பார் என்றும், தேடுபவருக்குக் கிடைத்தது வார்த்தைப்பாட்டின் தேதி மட்டுமே என்றும் வைத்துக்கொண்டால், பின்னோக்கிச் செல்வது எப்படி? பதினாறாம் நூற்றாண்டில் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம், பதினாறு வயது நிறையாதவரும், நவதுறவு எனப்படும் ஓராண்டுப் பயிற்சியை முடிக்காதவரும் வார்த்தைப்பாடு கொடுக்கலாகாது என்று விதித்தது. ஆகவே 1890 செப்டம்பர் 8 அன்று வார்த்தைப்பாடு கொடுத்தவர் 1874 செப்டம்பர் 8க்குப் பின் பிறந்தவராக இருக்க முடியாது. ஒரே ஒரு தேதி, தேட வேண்டிய ஞானஸ்நான ஏட்டின் கடைசிப் பக்கத்தை வரையறுத்துவிடுகிறது.

துறவறப் பெயரே ஒரு சான்றாக அமைவதையும் இக்குடும்பத்தில் காணலாம். தாயின் தமக்கை மரி லூயி கெரின், லெ மான் நகரின் விசிட்டேஷன் மடத்தில், அதாவது மரியாள் எலிசபெத்தம்மாளைச் சந்தித்ததன் நினைவாகப் பெயர் பெற்ற சபையின் மடத்தில், மரி தொசித்தே என்ற பெயரோடு வாழ்ந்து 1877இல் இறந்தார். மூன்றாம் மகள் லெயோனி, கான் நகரின் விசிட்டேஷன் மடத்தில் துறவற உடை பெற்றபோது தெரேஸ் தொசித்தே என்ற பெயரை ஏற்றார். பின்னர் அங்கிருந்து வெளியேறி, 1899 ஜனவரியில் மீண்டும் சேர்ந்து, பிரான்சுவாஸ் தெரேஸ் என்ற பெயரில் 1900 ஜூலையில் வார்த்தைப்பாடு கொடுத்தார். முதற்பெயரில் பெரியம்மா நிற்கிறார். இரண்டாம் பெயரில், இறந்துபோன தங்கையின் ஞானஸ்நானப் பெயரின் பிற்பகுதி அப்படியே நிற்கிறது. ஒரு துறவறப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பல வேளைகளில் அத்தையோ பெரியம்மாவோ ஞானத்தாயோ தென்படுவார். எல்லா மடங்களிலும் இப்படி இராது. தலைவி தாமாகவே பெயரிட்ட மடங்களும் உண்டு. ஆனால் கேட்காமல் விடத்தக்க கேள்வி அன்று.

லெயோனியின் வாழ்க்கை மற்றோர் எச்சரிக்கையையும் தருகிறது. அவர் 1886 அக்டோபரில் அலான்சோனின் கிளாரா சபை மடத்தில் சேர்ந்து இரண்டு மாதத்துக்குள் வீடு திரும்பினார். 1887 ஜூலையில் கான் நகரில் சேர்ந்து 1888 ஜனவரியில் திரும்பினார். 1893 முதல் 1895 வரை மீண்டும் அதே மடத்தில் இருந்து மீண்டும் திரும்பினார். பிரான்சில் மக்கள் கணக்கெடுப்பு ஐந்தாண்டுக்கு ஒரு முறை, அக்காலத்தில் 1886, 1891, 1896, 1901 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. 1886இன் கணக்கெடுப்பு அவர் மடத்தில் சேர்வதற்கு முன்பே முடிந்துவிட்டது. கணக்கெடுப்பை மட்டும் நம்பித் தேடுபவர், மடத்தின் பக்கத்தில் லெயோனியை 1901இல்தான் காண முடியும்; அதற்கு முந்தைய மூன்று முயற்சிகளும், அவற்றில் அடங்கிய கண்ணீரும் விடாப்பிடியான வேட்கையும், கணக்கெடுப்புகளுக்கு நடுவே நழுவிப்போகும். இந்த இடைவெளியை எது நிரப்பும்? மடத்தின் சேர்க்கை ஏடு நிரப்பும். வந்தவர்களை மட்டுமன்றி வெளியேறியவர்களையும் குறித்த ஏடு அது. குடும்பத்தில் “மடத்துக்குப் போய்த் திரும்பி வந்தவர்” என்று முணுமுணுப்பாகச் சொல்லப்பட்ட பெண்கள் எத்தனை பேர்! அவர்களுடைய பெயரும் அங்கே மதிப்போடு எழுதப்பட்டிருக்கிறது.

செலின் என்னும் நான்காம் சகோதரியோ, 1894 செப்டம்பரில் கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது திருமுகத்தின் மரி என்றும், பின்னர் ஜெனவியேவ் என்றும் பெயர் பெற்றார். ஆகவே ஒரு கன்னியாஸ்திரிக்கு ஒரே துறவறப் பெயர்தான் இருந்தது என்று முடிவு கட்டலாகாது.

இரு பெயர்களும் ஒரே தாளில் எங்கே நிற்கின்றன? கேள்வி இனி சட்டத்தின் பக்கம் திரும்ப வேண்டும். பிரான்சின் அரசாணைகள் இதில் தேடுபவருக்குப் பெருங்கொடை. 1667ஆம் ஆண்டின் ஆணை பங்குப் பதிவேடுகளை இரண்டு படிகளாக எழுதச் சொன்னதோடு, துறவற இல்லங்களும் தம் உறுப்பினரின் வார்த்தைப்பாடுகளை ஏட்டில் பதிய வேண்டும் என்றது; 1736ஆம் ஆண்டின் அரச அறிக்கை, துறவற உடை, நவதுறவு, வார்த்தைப்பாடு ஆகியவற்றுக்குரிய ஏட்டையும் இரண்டு படிகளில் வைக்கக் கட்டளையிட்டது. ஒரு படி மடத்திலும் மற்றொரு படி நீதிமன்றத்திலும் இருக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. மடம் இடிந்தாலும், எரிந்தாலும், கலைக்கப்பட்டாலும், நீதிமன்றப் படி பிழைத்திருக்கும் வாய்ப்பு உண்டு. அந்தப் பதிவில் பெண்ணின் பிறப்புப் பெயர், பெற்றோர் பெயர், வயது, ஊர், சாட்சிகளின் கையொப்பம் ஆகியவை வரும். அதுவே தேடுபவர் நாடும் தாள்.

பிரெஞ்சுப் புரட்சி இந்த ஏற்பாட்டைத் தகர்த்தது; தகர்த்த கையாலேயே புதிய சான்றுகளையும் எழுதிவைத்தது. 1790 பிப்ரவரி 13 அன்று துறவற வார்த்தைப்பாடுகளைச் சட்டம் இனி ஏற்காது என்று தேசிய மன்றம் அறிவித்ததும், நகராட்சி அலுவலர்கள் மடம் மடமாகச் சென்று, உடைமைகளைக் கணக்கெடுத்து, ஒவ்வொரு கன்னியாஸ்திரியையும் அழைத்து, வெளியேற விருப்பமா, தங்க விருப்பமா என்று கேட்டு எழுதினார்கள். மடத்தின் அழிவைத் தொடங்கிவைத்த அந்தத் தாள்களில்தான் பெயரும் வயதும் விருப்பமும் வரிசையாக இன்று கிடைக்கின்றன. கொம்பியேன் நகரின் கார்மேல் மடத்தைச் சேர்ந்த பதினாறு பேர் 1794 ஜூலை 17 அன்று பாரிஸில் கில்லட்டின் என்னும் தலைவெட்டும் கருவிக்கு அனுப்பப்பட்டபோது, புரட்சி நீதிமன்றம் அவர்களைப் பிறப்புப் பெயர்களாலேயே அழைத்தது. மடத்தில் புனித அகுஸ்தீனின் தெரேஸ் அன்னை என்று வணங்கப்பட்ட தலைவி அங்கே மதலேன் லிதுவான். அவர்களுள் மரி ஜெனவியேவ் மெனியே என்னும் கான்ஸ்தான்ஸ், வார்த்தைப்பாடுகளுக்கு வந்த தடையால் நவகன்னியாகவே ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர். வார்த்தைப்பாட்டு ஏட்டில் மட்டும் தேடினால் அவருக்கு இடமே இராது. ஏட்டில் பெயர் இல்லாமை, வாழ்வில் அர்ப்பணம் இல்லாமை ஆகாது என்பதற்கு அவரைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

1792 செப்டம்பர் 20 அன்று பிறப்பு, திருமண, இறப்பு ஏடுகள் பங்குக் கோவில்களிடமிருந்து நகராட்சிகளுக்கு மாறின. 1794 ஆகஸ்டில் வந்த சட்டம், பிறப்புப் பதிவில் உள்ள பெயரையன்றி வேறு பெயரைக் குடிமக்கள் தாங்கலாகாது என்றது. இதன் பயன் என்ன? பிரான்சில் ஒரு கன்னியாஸ்திரியின் இறப்பை நகராட்சி ஏட்டில் தேடுபவர் துறவறப் பெயரை விட்டுவிட்டுப் பிறப்புப் பெயரில் தேட வேண்டும். ஆங்கிலம் வழங்கும் நாடுகளிலோ நிலைமை பெரும்பாலும் தலைகீழ். அங்கே இறப்பைத் தெரிவித்த மடத்தார் சொன்ன பெயரை, அதாவது துறவறப் பெயரை, எழுத்தர் அப்படியே எழுதிய பதிவுகள் ஏராளம்.

பதிவின் ஓரத்தைப் படிக்காதவர் பதிவைப் பாதிதான் படித்தவர். பிரான்சின் பிறப்பு ஏட்டில், 1897 முதல் திருமணமும், 1945 முதல் இறப்பும் ஓரக்குறிப்பாகச் சேர்க்கப்பட்டன. வார்த்தைப்பாட்டை அரசு அறியாததால் அதற்கு அங்கே இடமில்லை. கோவிலின் ஞானஸ்நான ஏட்டில் நிலைமை வேறு. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, உறுதிபூசுதல், திருமணம் ஆகியவற்றோடு ஆடம்பர வார்த்தைப்பாட்டையும் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்கச் சொன்னது. ஆடம்பர வார்த்தைப்பாடு என்பது பழைய பெருஞ்சபைகளில் வழங்கிய, சொத்துரிமையை முற்றிலும் துறக்கும் வகை. பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் உழைத்த சபைகளின் சகோதரியர் பெரும்பாலும் எளிய வார்த்தைப்பாடு கொடுத்தவர்களாகையால் அவர்களுக்கு இந்தக் குறிப்பு கட்டாயமாக இல்லை. 1983ஆம் ஆண்டின் தொகுப்பு நித்திய வார்த்தைப்பாடு எதுவாயினும் குறிக்கச் சொல்கிறது. ஓரம் வெறுமையாக இருப்பதால் பெண் மடம் புகவில்லை என்று முடிவு செய்வது தவறு. ஓரத்தில் குறிப்பு இருந்தாலோ, தேடல் அங்கேயே பாதி முடிந்தது.

மடங்களுக்கே உரிய மற்றொரு சான்று இரங்கல் சுற்றுமடல். கார்மேல், விசிட்டேஷன் போன்ற சபைகளில் ஒரு கன்னியாஸ்திரி இறந்ததும், அவருடைய ஊர், குடும்பம், மடம் புகுந்த வரலாறு, நற்பண்புகள், இறுதி நோய் ஆகியவற்றை எழுதி மற்ற மடங்களுக்கு அனுப்புவது வழக்கம். சிறுமலரின் இறப்புக்குப் பின் அத்தகைய மடலின் இடத்தில் அவருடைய தன்வரலாறே 1898இல் நூலாக அச்சிட்டு அனுப்பப்பட்டது. உலகம் அறிந்த ஒரு நூல், பிறப்பால் ஓர் இரங்கல் மடல். மடலில் புகழுரை மிகும், குறை குறையும். ஆகவே தேதிகளை ஏட்டோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும். ஆனால் ஒரு பெண் எப்படிப் பேசினார், எதற்கு அஞ்சினார், எந்த வேலையை விரும்பினார் என்பதை வேறு எந்த ஏடும் சொல்லாது.

இங்கே ஒரு வேற்றுமையை மனவருத்தத்தோடு சுட்ட வேண்டியிருக்கிறது. அக்கால மடங்களில், பொதுச் செபத்தை இலத்தீனில் பாடி, தலைவியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற பாடகக் கன்னியர் ஒரு வகுப்பு. சமையல், துணி துவைத்தல், தோட்டம் ஆகியவற்றை மேற்கொண்ட உழைப்புச் சகோதரியர் மற்றொரு வகுப்பு. முதல் வகுப்பினர் பெரும்பாலும் சீதனத்தோடு வந்தவர்கள். அந்தச் சீதன ஒப்பந்தம் பத்திரம் எழுதும் அதிகாரியிடம் பதிவாகியிருக்கும், அதில் இரு பெயர்களும் பெற்றோர் பெயரும் கிடைக்கும். உழைப்புச் சகோதரியர் ஏழை வீட்டுப் பெண்கள். சீதனம் இல்லை, ஆகவே பத்திரமும் இல்லை. இரங்கல் மடலும் பல வேளைகளில் சுருக்கம். இந்தப் பிரிவு இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின்னரே நீங்கியது. ஆகவே ஏழைக் குடும்பத்திலிருந்து மடம் புகுந்த மூதாதையைத் தேடுபவர், ஞானஸ்நான ஏட்டிலும் கணக்கெடுப்பிலும் அடக்க ஏட்டிலும் இரட்டிப்பு உழைப்பைச் செலுத்த வேண்டும். அவ்வுழைப்புக்கு அந்தப் பெண்கள் முற்றிலும் தகுதியுடையவர்கள்.

கன்னியாஸ்திரி நேர் மூதாதையாகவும் இருக்கக் கூடுமா? கூடும், கைம்பெண்ணாகித் துறவு பூண்டவர்கள் உண்டு. 1774இல் நியூயார்க்கில் பிறந்த எலிசபெத் சீட்டன், 1794இல் மணந்து, ஐந்து பிள்ளைகளைப் பெற்று, 1803இல் கணவரை இழந்து, 1805இல் கத்தோலிக்கரானவர். 1809இல் மேரிலாந்து மாநிலத்தின் எம்மிட்ஸ்பர்க்கில் கன்னியர் சபை ஒன்றை நிறுவினார். அவருடைய மகன் வழிப் பேரர் ஒருவர் பேராயரானார். இப்படி மணத்துக்குப் பின் கத்தோலிக்கரானவரின் திருமணப் பதிவு வேறொரு திருச்சபையின் ஏட்டில் இருக்கும் என்பதைத் தேடுபவர் மறக்கலாகாது.

இனி இந்த மண்ணுக்கு வரலாம். நானோ நேகிள் என்னும் அம்மையார் 1775இல் அயர்லாந்தின் கார்க் நகரில் தொடங்கிய பிரசன்டேஷன் சபையின் சகோதரியர் 1842இல் மதராஸுக்கு வந்து, அன்று கறுப்பர் நகரம் எனப்பட்ட ஜார்ஜ் டவுனில் மடமும் பள்ளியும் நிறுவினார்கள். அவர்களைத் தேடும் அயர்லாந்துக் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்? அயர்லாந்தில் கத்தோலிக்கர் உட்பட அனைவருக்குமான அரசுப் பிறப்புப் பதிவு 1864இல்தான் தொடங்கியது; ஆகவே முன்னோடிகளுக்குப் பங்குக் கோவிலின் ஞானஸ்நான ஏடு ஒன்றே துணை. 1922 ஜூன் இறுதியில் டப்ளின் ஆவணக்காப்பகம் தீக்கிரையானபோது பழைய கணக்கெடுப்புத் தாள்கள் பெரும்பாலும் அழிந்தன. கத்தோலிக்க ஏடுகள் அங்கே வைக்கப்படாததால் பிழைத்தன. அவ்வேடுகள் பலவற்றில் பிரிஜெட் பிரிஜிதா என்றும், நோரா ஹொனோரா என்றும் இலத்தீன் வடிவில் நிற்பார்கள். அதே பெண் மடத்தில் மேரி என்ற முன்னொட்டோடு ஒரு புனிதரின் பெயரைத் தாங்கியிருப்பார். ஒரே மடத்தில் அடுத்தடுத்த தலைமுறைகளில் அதே பெயரை வேறொருவரும் தாங்கியிருக்கக் கூடும்.

மதராஸுக்கு வந்த அச்சகோதரி இறந்தது எங்கே? இங்கே. அயர்லாந்தில் எத்தனை ஏடுகளைப் புரட்டினாலும் அவருடைய அடக்கப் பதிவு அங்கே கிடைக்காது. அது சென்னையின் கோவில் ஏட்டில் இருக்கும். மதராஸ் மாகாணத்தில் ஐரோப்பியரின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் தனி வரிசையாக வைக்கப்பட்டிருப்பதால், அங்கும் தேடலாம். ஆனால் அவ்வேடுகளில் அவர் துறவறப் பெயரிலேயே இருப்பாராகில், ஞானஸ்நானப் பெயரோடு அதை இணைக்கும் தாள் மடத்தின் வார்த்தைப்பாட்டு ஏடாகவே இருக்கும்.

எனவே கடல் கடந்த ஒரு குடும்பத்திடமிருந்து சென்னையின் பங்குக் கோவிலுக்கோ மடத்துக்கோ கடிதம் வரும்போது, அதைப் பெறுபவர் தேடித் தர வேண்டியவை எவை? துறவறப் பெயர், ஞானஸ்நானப் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த பங்கு, மடத்தில் சேர்ந்த தேதி, வார்த்தைப்பாட்டின் தேதி, இறந்த தேதி, அடக்கமான இடம். கடிதம் எழுதுபவரும் தமக்குத் தெரிந்த ஒரு பெயரோடு நின்றுவிடாமல், சகோதரியின் சபை, வந்த ஆண்டு, உடன்பிறந்தாரின் பெயர்கள் ஆகியவற்றைச் சேர்த்து எழுதினால், அதே துறவறப் பெயர் கொண்ட மற்றொருவரோடு குழப்பம் நேராது. அண்மைக்கால உறுப்பினரின் விவரங்களை மடங்கள் வெளியிடத் தயங்குவது முறையே. நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஏடுகளுக்கு அத்தயக்கம் தேவையில்லை. கரையான் அரித்து, மை வெளிறி, கட்டவிழ்ந்து கிடக்கும் அந்த ஏடுகளைப் படமெடுத்து வைக்கும் பணியை, இம்மன்றத்திலுள்ள மாணவர்கள் தத்தம் பங்குத்தந்தையின் இசைவு பெற்று, அடக்க ஏட்டிலிருந்தே தொடங்கலாம்; ஏனெனில் அயல்நாட்டிலிருந்து வந்து இங்கே இறந்தவர்களுக்கு வேறெந்த நாட்டிலும் இல்லாத பதிவு அதுதான்.